கோணல்

"பெரிய ஆம்ப்ளிஃபையரா வாங்கி, பாதி பவர்ல ஓட்டலாம் சார். சிக்னல் கோணாது," என்றாள் மீனலோசனி.

மலேசியாவின் சுங்கை வே தொழிற்சாலையில் அது ஹேண்ட்போன் கோபுரங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். புது டிரான்ஸ்மிட்டரின் ஆம்ப்ளிஃபையரை முழு பவரில் ஓட்டினால் சிக்னல் கோணி, பக்கத்துச் சேனலிலும் சிந்தியது. சரிசெய்யாவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும்.

மேனேஜர் தியாகராசா ஏளனமாகச் சிரித்தார்.

"பாதி பவரா? கரண்ட் பில்லை உங்கப்பாவா கட்டுவாரு? ஆம்ப் எந்தப் பக்கம் கோணுதோ, அதுக்கு எதிர்ப்பக்கமா சிக்னலை முன்னாடியே கோணலாக்கி உள்ள அனுப்பு லா. வெளிய நேரா வரும். இதுகூடத் தெரியாத நீயெல்லாம் இன்ஜினியர்!"

"சரி சார். அப்படியே செய்றேன்."

தலைகுனிந்தபடி வெளியே வந்தாள். கூட வேலை பார்க்கும் கார்த்திகேசு பின்னாலேயே ஓடிவந்தான்.

"என்னக்கா இது? போன வருசம் நீங்க சொன்ன ஐடியாதானே! குப்பைன்னு தூக்கி எறிஞ்சாரே!"

"நான் எதைச் சொன்னாலும் அவரு எதிராத்தான் சொல்வாரு. அதான் இன்னிக்கு வேண்டாததைக் கேட்டேன்."

கார்த்திகேசு வாயைப் பிளந்தான்.

"ஆம்ப்ளிஃபையர் எப்படிக் கோணும்னு அளக்கத்தான்பா மாசக்கணக்காச்சு," என்றாள் மீனலோசனி. "இந்த ஆளு எப்படிக் கோணுவாருன்னு முதல் மீட்டிங்லயே தெரிஞ்சிருச்சு."