கப்பலுக்கு எதிர்லயே இடமிருக்கு

"கப்பலுக்கு எதிர்லயே வண்டி நிறுத்த இடமிருக்கு. இறங்கினா கப்பல். அதை விட்டுட்டு, ரயில் தண்டவாளம் தாண்டி எந்தப் பொட்டல்லயோ நிறுத்தணும்னு என்னய்யா தலையெழுத்து?"

என் தங்கை டார்லீன் போட்ட சத்தத்தில், கால்வெஸ்டன் பாலத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்த கூழைக்கடா வாயிலிருந்த மீனைக் கீழே போட்டுவிட்டது. என் கண்ணால் பார்த்தேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டியே பழுத்த குரல் அது.

அவள் புருஷன் வெர்னன் காதில் விழாத மாதிரி பிக்கப் வண்டியை ஓட்டினான். இரண்டு பேருக்கும் நடுவில் நான், மடியில் கொலாச்சி ரொட்டிப் பொட்டலத்தோடு.

"அண்ணே, நீயாவது கேளு. கல்யாண நாளுக்கு உன்னையும் சேத்துக் கப்பல்ல கூட்டிட்டுப் போறாராம். என் முட்டி இருக்கிற லட்சணத்துக்கு அவ்ளோ தூரம் நடக்கணுமா?"

"நடக்க வேணாம் மச்சான். அங்க நிறுத்தினா அந்த இடத்துக்காரங்களே பஸ்ல கொண்டுவந்து விடுவாங்க" என்றான் வெர்னன் என்னிடம்.

"பஸ்ஸா? நான் பஸ் பக்கம் திரும்பிக்கூடப் பாக்குறதில்லன்னு தெரியுமில்ல?"

அது நிஜம். போன வருஷம் அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, அவள் ஓட்டிய பஸ்ஸையும் பள்ளிக்கூடத்தார் யாருக்கோ தள்ளிவிட்டார்கள். அன்றிலிருந்து மஞ்சள் நிறமே அவளுக்கு ஆகாது. தொத்திறைச்சிக்குக் கடுகு விழுதுகூடத் தொட்டுக்கொள்வதில்லை.

"சரியான கஞ்சன்ணே இவரு. கஞ்சன் மட்டுமா, புளுகன். சனிக்கிழமையானா மீன் பிடிக்கப் போறேன்னு கிளம்பிடறாரு. இதுவரைக்கும் ஒரு மீன் வீட்டுக்கு வந்திருக்கா? சட்டை நிறைய கிரீஸ்தான் வந்திருக்கு."

இதில் எனக்கும் மாப்பிள்ளை மேல் வருத்தம்தான். மீன் பொய் என்றால் இரண்டு கையையும் விரித்துச் சொல்ல வேண்டாமா? நான் ஒரு தடவை பிடித்த கெளுத்தியைக் கரையேற்றியதும் ஏரித் தண்ணீர் ஒரு முழம் இறங்கிவிட்டது. இவன் என்னடாவென்றால், "இன்னிக்கு ஒண்ணும் கடிக்கல" என்பான். பொய்யில்கூடக் கஞ்சத்தனம்.

பொட்டல் வந்தது. அடித்த வெயிலில் எங்கள் நிழலே வண்டிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

நல்லவேளை, கப்பலுக்கு ஆள் ஏற்றும் புத்தம்புது வெள்ளை வேன் ஒன்று நின்றது. உள்ளே ஏசி. சீட்டும் காலி. டார்லீன் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள்.

"இது போகட்டும், டார்லீன். அடுத்ததுல போலாம்" என்றான் வெர்னன்.

"ஏன்?"

"போலாம்."

வேன் போய்விட்டது. டார்லீன் பெட்டி மேல் உட்கார்ந்தாள். "கப்பல் மட்டும் கதவைச் சாத்தட்டும், நான் நேரா அண்ணன் வீட்டுக்குத்தான். நீ உன் மீனுங்களோட குடும்பம் நடத்து."

என் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கட்டில். நான் மெல்ல வெர்னன் பக்கம் நகர்ந்தேன்.

"மாப்ள, உனக்கு மூளை கீளை கலங்கிப் போச்சா?" என்று கிசுகிசுத்தேன். அவன் கொலாச்சியை எடுத்து வாயை அடைத்துக்கொண்டான்.

அதற்குள் இன்னும் நாலைந்து ஜோடிக் கிழவன் கிழவிகள் வந்து சேர்ந்தார்கள். எல்லாரும் பூச்சட்டை, ஓலைத்தொப்பி.

பொட்டல் ஓரத்துக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து இருமிக்கொண்டே ஒரு கிழட்டு பஸ் வந்தது. உடம்பெல்லாம் நீலம். பக்கவாட்டில் பல்லை இளிக்கும் டால்பின்கள். சட்டையில் ரஸ்டி என்று பெயர் தைத்திருந்த டிரைவர் கதவைத் திறந்தான்.

டார்லீன் முனகிக்கொண்டே ஏறினாள். பின்னால் ஏறிய பூச்சட்டைக்காரரிடம், "ரெண்டாவது படி ஆடும், பாத்து" என்றாள்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள்.

படியைப் பார்த்தாள். கைப்பிடியைத் தடவினாள். கதவோரம் நீலப் பெயின்ட்டை நகத்தால் சுரண்டினாள். அடியில் மஞ்சள்.

"யோவ்" என்றாள். அந்தக் குரல் எனக்கே கேட்கவில்லை.

வெர்னன் ஜன்னல் வழியாகக் கடலைத் தேடிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் கடலே கிடையாது.

பஸ் கிளம்பியது. பூச்சட்டைக்காரர் போட்டோ எடுக்க எழுந்தார்.

"உக்காரு. வண்டி நிக்கிற வரைக்கும் எவனும் எந்திரிக்கக் கூடாது. யாரது சூயிங்கம் மெல்றது?" பாலத்தில் கூழைக்கடாவை மிரட்டிய அதே குரல்.

அத்தனை கிழங்களும் மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தன. பின்சீட்டுத் தாத்தா ஒருவர் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார்.

"கப்பல் வர்ற வரைக்கும் அடக்கு" என்றாள் டார்லீன். பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. டால்பின்களும் சிரித்தன என்று நான் சத்தியம் செய்வேன். முட்டிவலிக்காரி வழி முழுக்க டிரைவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தாள்.

துறைமுகம் வந்தது. கப்பல் கதவும் திறந்துதான் இருந்தது. என்னிடம் பெயரைக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொருவரும் வரிசையாக, "தேங்க்ஸ், மிஸ் டார்லீன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். இரண்டாவது படியில் பார்த்துக் கால் வைத்தார்கள்.

அவள் மட்டும் இறங்கவில்லை.

"தம்பி, நாங்க திரும்பி வர்றப்பவும் இதே பஸ்தானே வரும்? இல்லேன்னா நான் கப்பலை விட்டே இறங்க மாட்டேன்."

"இதேதாம்மா வரும்" என்ற ரஸ்டி, எங்கள் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வெர்னன் பக்கம் திரும்பினான்.

"துருப்பிடிச்சுக் கிடந்த வண்டி, இப்ப கிண்ணுன்னு ஓடுது பாருங்க. சனிக்கிழமை தவறாம வந்து இதுக்கு அடியிலயே படுத்துக் கிடந்தீங்க. போதும், ஐயா. இனிமேலாவது எங்கயாச்சும் போய் நல்லா மீன் பிடிங்க."