எட்டு, எங்க ஃபாதர் தொந்தி

டயப்பரின் இடது பக்க டேப்பைப் பிரித்ததுதான் தாமதம், எஸ்லின் கத்த ஆரம்பித்தாள்.

ஐந்து மாதக் குழந்தைக்கு இவ்வளவு பெரிய தொண்டை எதற்கு என்று டெரன்ஸுக்குப் புரியவில்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் இவள் கத்தினால் அடையாற்றுப் பாலத்தில் போகிறவன் பிரேக் போடுவான்.

ஹால் தரையில் ரப்பர் ஷீட். அதன்மேல் மகள். அவள்முன் மண்டியிட்டபடி அப்பன். பூசையில்கூட அவன் இத்தனை பக்தியாக மண்டியிட்டதில்லை.

பார்வை மட்டும் மூடியிருந்த படுக்கையறைக் கதவின்மேல் இருந்தது.

அந்தக் கதவு திறக்கக் கூடாது. இன்றைய பந்தயமே அதுதான்.

லிண்டாவின் பிரசவ லீவு இன்றோடு முடிகிறது. விடிந்தால் அவள் அடையாறில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் டெரன்ஸ், குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மார்தட்டியிருந்தான். ராத்திரியில் ஒரு டயப்பர் மாற்றத் துப்பில்லாதவன் பகல் முழுக்க என்னத்தைப் பார்த்துக் கிழிப்பான் என்று அவள் கேட்டாள்.

நியாயமான கேள்விதான். இதுவரை ஒவ்வொரு ராத்திரியும் பாதியில் அவள்தான் எழுந்து வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். வாங்கிய நொடியே அழுகை நின்றுவிடும். எரிச்சலே அங்கேதான்.

இன்றைக்கும் அவள் எழுந்து வரும்படி ஆனால், காலையில் பிரின்சிபாலுக்கு ஃபோன் செய்து வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லப்போகிறாள். அவளுக்கு உயிரான வேலை. ஆனாலும் சொன்னால் செய்கிறவள்.

வெட் வைப்ஸ் சில்லென்று இருக்குமே என்று இரண்டை முன்கூட்டியே அக்குளில் செருகிச் சூடாக்கி வைத்திருந்தான். எஸ்லின் அந்தத் தியாகத்தை மதிக்கவில்லை.

கிலுகிலுப்பையை ஆட்டினான். ஓர் உதை. அது சோஃபாவுக்கு அடியில் போய்க் கிலுகிலுத்தது.

செல்ஃபோனில் மழைச் சத்தம் போட்டான். மழைக்கு முன்னால் ஏதோ ஒரு நகைக்கடை, செய்கூலி இல்லை சேதாரம் இல்லை என்று வீடதிர அலறியது. எஸ்லின் அதற்கும் மேலே போனாள்.

உன் காலில் விழுகிறேன் தாயே என்று கெஞ்சினான். ஏற்கெனவே விழுந்துதான் கிடந்தான்.

அந்தத் திருப்பாதம் பழைய டயப்பருக்குள் இறங்கிற்று. அங்கிருந்து அவன் பனியனில் ஏறிற்று.

படுக்கையறைக் கதவில் டொக்கென்று சின்னதாக ஒரு சத்தம்.

மூச்சைப் பிடித்துக்கொண்டான். கதவு திறக்கவில்லை. காற்றாக இருக்கும்.

அப்போதுதான் வந்தது கோபம். குழந்தையின் மேலா, தன் மேலா, டயப்பரைக் கண்டுபிடித்த புண்ணியவான் மேலா, தெரியவில்லை. கையைக் குழந்தையிடமிருந்து எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி பத்துவரை எண்ண ஆரம்பித்தான்.

ஏழுவரை ஒழுங்காகத்தான் எண்ணினான். எட்டில் பழக்கதோஷத்தால் நாக்கு வழுக்கிவிட்டது.

"எட்டு, எங்க ஃபாதர் தொந்தி."

அழுகை நின்றது.

பங்குக் கோயில் ஹாலில் ஞாயிறு சாயங்காலம் தம்போலா ஆட்டம் நடக்கும். எண் கூப்பிடுகிறவன் டெரன்ஸ். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வால் ஒட்டித்தான் கூப்பிடுவான். தொந்திக்காரரான ஃபாதரே அதைக் கேட்டுச் சிரிப்பார். வயிற்றில் எஸ்லினைச் சுமந்துகொண்டு லிண்டா வாராவாரம் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தன் சீட்டில் எண்களை அடிப்பாள். ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. எவனாவது இல்லாத எண்ணுக்கு ஜெயித்தேன் என்று குதித்தால் அங்கேயே பிடித்து உட்கார வைத்துவிடுவாள்.

வயிற்றுக்குள் இருந்தவளும் சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் பையிலிருந்து எண் வரும். இங்கே பை இல்லை. வாய்க்கு வந்ததைக் கூப்பிட்டான். இருபத்தொன்பது, பெசன்ட் நகர் வண்டி, தொங்கிக்கினு போ. இருபத்திரண்டு, ரெண்டு வாத்து, சாந்தோம் பீச்சுல வாக்கிங். எண்பத்தெட்டு, இன்னொரு ஃபாதரும் வந்துட்டாரு. இருபத்திரண்டு, அதே வாத்துங்க, ரிட்டர்ன்.

எஸ்லின் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு, சீட்டு வாங்கியவள் மாதிரி கவனமாகக் கேட்டாள்.

தொண்ணூறு வரும்போது புது டயப்பர் ஏறியிருந்தது. பூனைக்குட்டிப் படம் போட்ட பக்கம் பின்னால் போய்விட்டது. போகட்டும், உட்காரும்போது பூனைக்குட்டிக்குத்தான் கஷ்டம்.

கண் சொருகியவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கோப்பை வாங்கிய மிதப்பில் படுக்கையறைக் கதவைத் தள்ளினான்.

கதவு நகரவில்லை. உள்ளேயிருந்து ஏதோ முட்டுக்கொடுத்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினான்.

"இருபத்திரண்ட ரெண்டு வாட்டி கூப்ட்டுட்ட, டெரன்ஸ். இது போங்காட்டம்."

குரல் கட்டில் பக்கமிருந்து வரவில்லை. கதவின் அடியிலிருந்து, தரையோடு தரையாக வந்தது.

ஒரு சாண் திறந்தது. கதவோரத்துக் கயிற்று மிதியடியில் லிண்டா உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் தொடைக்கு அடியில் இருந்தன.

எப்போது எழுந்தாய் என்று கேட்டான். அவளோ, ஆறு மணிக்கு எழுப்பிவிடச் சொன்னாள். ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமாம்.

கால் மரத்துவிட்டது போலிருக்கிறது, தூக்கிவிடச் சொல்லிக் கையை நீட்டினாள்.

உள்ளங்கை முழுக்க மிதியடியின் கயிற்றுத் தடம், வரி வரியாக, சிவந்து பதிந்திருந்தது.