ஜெபமணி சாரின் லீவ் லெட்டர்

கம்பெனிக் கழிவு குடிநீரில் கலப்பதைப் பற்றி ஆங்கிலத்தில் மொட்டைக் கடிதாசி எழுத உட்கார்ந்த வளர்மதிக்குக் கை ஓடவில்லை. பெயர் போடாவிட்டாலும், யார் எந்தச் சொல்லை எழுதுவார்கள் என்பது கம்பெனிக் கணினிக்கு அத்துப்படி. அவள் எப்போதும் ‘வைல்’ (while) என்றுதான் எழுதுவாள், ‘அமங்’ (among) என்றுதான் எழுதுவாள்.

லீவ் லெட்டருக்கு மாதிரியாகப் பக்கத்து சீட் ஜெபமணி சார் எப்போதோ கொடுத்த கடிதம் டிராயரில் இருந்தது. அதில் ‘வைல்ஸ்ட்’ (whilst), ‘அமங்ஸ்ட்’ (amongst) என்றிருந்தது. பொருள் ஒன்றுதானே என்று தன் கடிதாசியிலும் அப்படியே மாற்றி, கம்பெனி மேலிடத்துக்கு அனுப்பினாள்.

வியாழக்கிழமை காலை இரண்டு பேர் வந்து ஜெபமணி சாரை சீட்டிலிருந்து எழுப்பினார்கள்.

“நான் எதுவும் எழுதலைங்க! வளர்மதி, நீயாவது சொல்லும்மா!”

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் மேனேஜர் வந்தார். “அவரோட டிஸ்மிஸ் ஆர்டரை நீங்களே அடிச்சிடுங்க.”

அடிக்கத் தொடங்கினாள். கடிதாசியில் பழகிவிட்ட கை ‘வைல்ஸ்ட்’ என்று தானாகவே அடித்தது. அந்த வரியிலேயே திரை உறைந்து, கீழே எழுத்துகள் வந்தன.

“இது ஜெபமணியின் நடை. அவர் இப்போது எங்களிடம் இருக்கிறார். எழுதுவது யார்?”