முள்புதருக்குள் ஒரு பாட்டுக்காரர்

விடிந்ததும் விடியாததுமாக முள்புதருக்குள்ளிருந்து ஒரு கவுதாரி பாட ஆரம்பித்தது. அப்பப்பா, என்ன குரல்! "பிள்ளைகளே, ஆண்டவர் உங்களை இங்கே கூப்பிடுகிறார்! இங்கே பசியே இல்லை, அல்லேலூயா!"

எந்தக் கவுதாரிதான் மயங்காது? திர்சாள் இறகெல்லாம் சிலிர்க்கப் புதரைப் பார்த்து ஓடினாள். தங்கை சலோமி குறுக்கே பாய்ந்தாள்.

"அக்கா, நில்லு! யாரு என்னன்னு தெரியாம ஓடுறியே!"

"ஆண்டவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்கடி. சந்தேகப்பட்டா பாவம்!"

"சோதிச்சுப் பாக்கச் சொன்னதே அவர்தானே? கேள்வி கேட்டா கோவிச்சுக்க அவர் என்ன நம்ம பெரியப்பாவா?"

சலோமி புதரைப் பார்த்துக் கத்தினாள். "ஐயா, நீங்களே வெளியே வந்து எங்ககூட ரெண்டு கரையான் கொத்துங்களேன்!"

"நான் உபவாசத்தில் இருக்கிறேன், மகளே."

இலை இடுக்கில் தெரிந்த அலகில் கம்பந்தவிடு ஒட்டியிருந்தது.

"பாத்தியா அக்கா!"

"ஊழியக்காரரைக் குத்தம் சொல்லாதே, வாயாடி!" திர்சாள் புதருக்குள் வைக்கக் காலைத் தூக்கிவிட்டாள்.

சலோமிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "சரி ஐயா, ஒன்னே ஒன்னு. நேத்து உங்க பாட்டைக் கேட்டு எங்க மாமா குடும்பமே உள்ளே வந்துச்சே. அவங்கள்ல யாராவது ஒருத்தரை ஒரு வரி பாடச் சொல்லுங்க. எங்க அக்காவை நானே கொண்டாந்து விடுறேன்!"

ஒரு வரிகூட வரவில்லை. கூண்டுக் கம்பியில் இறகு உரசுவது கேட்டது. அதற்கும் பின்னால் ஒரு மனிதன் இருமினான்.

திர்சாள் தங்கையை முந்திக்கொண்டு பறந்தாள்.