கைதட்டக் கூடாத கச்சேரி

"ஏனுங்க, குறட்டை சத்தம் கேக்குது! பொண்ணூட்டுக்காரங்க பாக்கறாங்கல்ல?" கமலாத்தாள் கணவரின் தொடையில் கிள்ளினாள்.

பொங்கியண்ணன் திடுக்கிட்டு விழித்தார். "முடிஞ்சுதா?"

"உஷ்! இப்பத்தான் ரெண்டாவது பாட்டு."

மூணாறு மாதா கோயிலில் தவக்காலக் கச்சேரி. வெள்ளை உடையில் ஒரு கூட்டமே நின்று பிரெஞ்சுக்காரர்களின் பக்திப் பாடல்களை உருகி உருகிப் பாடியது. 'நோன்புக் காலம். பேசக் கூடாது, கைதட்டவும் கூடாது' என்று வாசலிலேயே சொல்லித்தான் உள்ளே விட்டார்கள்.

பாலக்காட்டுக்குக் கிழக்கே தென்னந்தோப்பை விட்டு நகராத கமலாத்தாளுக்கு இங்கே என்ன வேலை? எல்லாம் மகன் அருள்குமாருக்காக. வயது முப்பத்தி நாலு. இவள் நியாயமாக நாலு கேள்வி கேட்பாள், பொங்கியண்ணன் நியாயமாக ஐந்தாவது கேட்பார். வந்த சம்பந்தம் அத்தோடு எழுந்து போய்விடும். இதுவும் போனால் பையன் கட்டைப் பிரம்மச்சாரிதான்.

"பொண்ணூட்ல இந்தப் பாட்டுன்னா உசுரும்மா. அங்கயே பாத்துக்கலாங்கறாங்க" என்று மகன் சொன்னதும், நாமென்ன குறைச்சலா என்று பட்டுச்சேலையை எடுத்துவிட்டாள்.

பக்கத்து பெஞ்சில் பெண்ணின் அப்பா ஈஸ்வரன், பக்கத்திலுள்ள பள்ளிவாசல் என்ற ஊரின் தேயிலை எஸ்டேட் சூப்பர்வைசர், விட்டத்தைப் பார்த்து மெய்மறந்திருந்தார். அம்மா மாரீஸ்வரி கண்ணில் நீர். மகள் நர்மதா குனிந்த தலை நிமிரவில்லை.

என்ன ஞானம்! கமலாத்தாளும் விடவில்லை. கண்ணை மூடித் தலையாட்டித் தொடையில் தாளம் போட்டாள். பாட்டில் தாளமே இல்லை என்பது வேறு விஷயம். நகை, சீர், ஜாதகம் என்று கேள்விகள் தொண்டை வரை வந்து முட்டின. விழுங்கினாள்.

வெளியே பனிமூட்டத்தில் மாரீஸ்வரி அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்களுக்கு இந்தப் பாட்டுன்னா உசுருன்னு நர்மதா சொன்னா. கண்ணால பாத்துட்டோம். என்னா அடக்கம்! பொண்ணு ஒங்களுக்குத்தான்."

"எங்களுக்கா? நாங்க எங்கீங்க..." என்று ஆரம்பித்த பொங்கியண்ணனுக்கு இன்னொரு கிள்ளு விழுந்தது.

"ஆமாங்க, உசுருங்க! எங்களுக்குக் கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க" என்றாள் கமலாத்தாள்.

பூவும் பழமும் அங்கேயே கைமாறின.

பெற்றோரைக் காரில் ஏற்றிவிட்டு, அருள்குமார் பின்பக்கமாகப் போய் நர்மதாவுக்குப் போன் போட்டான்.

"நாலு வருஷமா நாம பழகறதும் தெரியல, ரெண்டு ஊட்டுக்கும் டிக்கெட் எடுத்தது நாமதான்னும் தெரியல. எங்கம்மாவும், வர்ற மாப்பிள்ளைய எல்லாம் கேள்வி கேட்டே வெரட்டற உங்கப்பாவும் ஒரு கேள்விகூடக் கேக்கல பாத்தியா? நிச்சயதார்த்தத்துக்கும் இதே மாதிரி பேசக் கூடாத எடமா ஒண்ணு பாத்து வை!"