பத்திரிகையில் போடாத வரி

என் கல்யாணப் பத்திரிகையை அச்சடிக்கும் பொறுப்பைத் தாய்மாமா பெத்தணன் எடுத்துக்கொண்டார். சிவகாசியில் அச்சகமும் விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனியும் வைத்திருப்பவர். என் பெயருக்குக் கீழே இருந்த ‘மார்பகப் புற்றுநோய் ஹார்மோன் மருந்து ஆராய்ச்சியாளர்’ என்ற வரியைத் தாள் கிழியும்படி பேனாவால் அடித்தார்.

“இதைத் தூக்கிக்கிட்டு நாலு பெரிய மனுசங்க வீட்டுக்கு நான் எப்படிப் போக?”

“என் வேலை அதுதானே மாமா?”

“பொம்பளைச் சீக்குக்கு மருந்து கலக்கவா இம்புட்டுப் படிச்ச? எங்க கம்பெனியில வெடிமருந்து கலக்குறவன் எட்டாப்பே தாண்டல.”

சுற்றியிருந்த ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஹார்மோன் என்றால் என்னவென்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. வரி போயே போயிற்று.

வருஷம் திரும்புவதற்குள், மதுரையில் இருக்கும் என் வீட்டுக்கு மாமா தனியாக வந்தார். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, ஒரு மாத்திரை அட்டையை நீட்டினார்.

“இதை நம்பிச் சாப்பிடலாமாத்தா?”

மார்பகப் புற்றுநோய்க்காக ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை. பதறிப்போனேன்.

“அத்தைக்கா மாமா? எங்ககிட்ட ஏன் சொல்லல?”

அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். இடது மார்பில், காம்பு இருந்த இடத்தில், குறுக்கே ஒரு தையல் தழும்பு ஓடியது.

“ஆம்பளைக்கும் வரும்னு நான் என்னத்தைக் கண்டேன்? ஆர்டர் விஷயமாப் போறேன்னு சொல்லிட்டுப் போய் ஆபரேசன் பண்ணிக்கிட்டேன். வெளிய தெரிஞ்சா மானம் போயிரும் தாயி.”

“மாத்திரையை விடாமச் சாப்பிடுங்க” என்றேன். “கவலைப்படாதீக மாமா, இதையெல்லாம் பத்திரிகையிலயா போடப்போறோம்?”