சத்தம் போட்ட குற்றம்

காசிமேட்டில் மீன் விற்கும் ஜெசிந்தாவின் மகள் ரீத்தாவை வளர்ப்பு வீட்டுக்கு அழைத்துப் போகக் குழந்தைகள் காப்பு மையத்து அதிகாரி வந்திருந்தார். குழந்தையின் கையில் மையம் கட்டியிருந்த கண்காணிப்புப் பட்டை, தாய் போட்ட சத்தத்தைக் கேட்டு, 'ஆபத்தான வீடு' என்று தீர்ப்பும் சொல்லிவிட்டது.

"லாரிக்குக் குறுக்கால ஓடிச்சு சார். நான் கத்தலன்னா புள்ள போயிருக்கும்!"

"லாரி பதிவாகலம்மா. உங்க சத்தம்தான் பதிவாயிருக்கு. நாங்க கூட்டிட்டுப் போற வீட்ல யாரும் சத்தமே போட மாட்டாங்க."

ஜெசிந்தா தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். "அங்க லாரி வந்தா எம்பொண்ண யாரு சார் கூப்புடுவா?"

பட்டை சிவப்பாக மின்னியது. பயந்துபோன ரீத்தா, அம்மாவின் வாயை இரு கைகளாலும் பொத்தினாள். அந்தக் கைகளை விலக்கித்தான் அதிகாரி அவளைத் தூக்கிப் போனார்.